ஜன்னல் கம்பியில் தொங்கிய பாட்டில்

"இது பிழைக்கிற நாய் இல்லைங்க. தெரிந்துதான் கேட்கிறீர்களா?" தொலைபேசியில் காப்பகத்துப் பெண் முதலில் கேட்டது இதைத்தான். தெரிந்துதான் கேட்டேன். எனக்குத் தெரிந்தது எவ்வளவு கொஞ்சம் என்பது இரண்டாம் நாளே விளங்கிவிட்டது.

கோவையில் வடவள்ளிப் பக்கம் எங்கள் வீடு. கீழ்த்தளம், பின்னால் சிமெண்டு போட்ட புறக்கடை, பகலில் வீட்டில் நானும் அத்தையும் மட்டும். படியேற முடியாத நாய்க்கு இது போதும் என்றார்கள். நாய் ஒரு செவலைப் பெட்டை. பத்துப் பன்னிரண்டு வயது இருக்கலாம் என்று பல்லைப் பார்த்துச் சொன்னார் மருத்துவர். கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் வெட்டு. எடை பதினான்கு கிலோ. ஒரு பேக்கரி வாசலில் பல வருடங்கள் கிடந்தவள் (கோவையில் டீக்கடைக்குப் பெயரே பேக்கரிதான்). சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள் என்று கடைக்காரர்தான் காப்பகத்துக்குச் சொல்லியிருக்கிறார். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 7.8. நாய்களுக்கு அது ஐந்தைத் தாண்டினாலே சிறுநீரக நோயின் நான்காவது, கடைசி நிலை. என்றைக்கோ வந்த உண்ணிக் காய்ச்சல் காரணமாக இருக்கலாம், இனி அதைத் தோண்டிப் பயனில்லை என்றார் மருத்துவர். இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம்.

நூறு நாய்கள் குரைக்கும் கொட்டகையில் சாகிற நாய்க்குத் தூக்கம் கிடையாது. அதனால்தான் வீடு தேடுகிறார்கள். 'ஹாஸ்பிஸ் ஃபாஸ்டர்' என்பது அவர்கள் வைத்திருக்கும் பெயர். குணப்படுத்துவதை விட்டுவிட்டு, வலியும் குமட்டலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது. ஒரு பக்க ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். மருந்து, மருத்துவர் செலவு அவர்களுடையது. சாப்பாடும் உழைப்பும் என்னுடையது. ஐந்தாவது வரியில், கடைசி முடிவை மருத்துவரின் ஆலோசனைப்படி இரு தரப்பும் சேர்ந்து எடுக்க வேண்டும், நான் மட்டும் தள்ளிப்போடக் கூடாது என்று இருந்தது. அதை வாசித்துவிட்டுச் சாதாரணமாகத்தான் கையெழுத்திட்டேன்.

யாராவது இப்படி ஒரு நாயை எடுக்க நினைத்தால் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள். எலிக்காய்ச்சல் பரிசோதனை செய்தாயிற்றா? சிறுநீரகத்தைக் கெடுக்கும் அந்தக் கிருமி நாயின் மூத்திரம் வழியாக நமக்கும் வரும். இவளுக்கு இல்லை என்று வந்திருந்தது, ஆனாலும் கையுறை போட்டுத்தான் துடைத்தேன். இரண்டாவது, வெறிநோய்த் தடுப்பூசி. நாய்க்குப் போட்டிருந்தார்கள். நானும் முன்தடுப்பாக மூன்று தவணை போட்டுக்கொண்டேன்.

அத்தைக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. "சாகிற நாயைத் தேடிப் போய்க் கூட்டிக்கொண்டு வருவார்களா, அம்மிணி?" என்று கேட்டார். எட்டு மாதம் படுக்கையில் கிடந்த மாமாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். கேள்வி நாயைப் பற்றியது மட்டும் இல்லை என்று தெரிந்ததால் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

முதல் ராத்திரியே தப்புச் செய்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரம் போய்த் தரையெல்லாம் ஈரம். தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட்டால் குறையுமே என்று எடுத்து வைத்துவிட்டேன். காலையில் மருத்துவரிடம் சொன்னதும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கெட்ட சிறுநீரகத்தால் நீரைப் பிடித்து வைக்க முடியாது. அது போய்க்கொண்டேதான் இருக்கும். குடிக்கவும் விடாவிட்டால் ஒரே இரவில் உடம்பு வற்றிவிடும். அன்றிலிருந்து மூன்று இடத்தில் சட்டி. விரிக்கப் பழந்துணி தேடியபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கட்டில் ஓரத்தில் மாமாவின் நைந்த வேட்டிகள் நான்கு, மடித்தபடி இருந்தன.

பெரிய வேலை டிரிப்ஸ்தான். நரம்பில் ஏற்றுவது இல்லை, தோலுக்கு அடியில். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் பாட்டில், தினமும் 200 மில்லி. மருத்துவமனையில் ஒரு முறை காட்டினார்கள், வீட்டில் இரண்டு முறை கூட இருந்து செய்ய வைத்தார்கள், பிறகு என் கையில் விட்டுவிட்டார்கள். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி, குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பேன். ஜன்னல் கம்பியில் 'எஸ்' கொக்கி மாட்டித் தொங்கவிடுவேன். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருக வேண்டும். தடித்த தோலில் ஊசி இறங்கும்போது 'டப்' என்று ஒரு சின்ன அதிர்வு விரலுக்குத் தெரியும். நான் தனியாகச் செய்த முதல் நாள் ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. பத்து நிமிடம் என் புடவைக்கு டிரிப்ஸ் ஏறியிருக்கிறது. நாய் நகரவே இல்லை. நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சரியாக ஏறினால் முதுகில் ஒரு திமில் முளைக்கும். சற்று நேரத்தில் அது சரிந்து ஒரு முன்னங்காலில் தொங்கும். பயப்படத் தேவையில்லை, சாயங்காலத்துக்குள் உடம்பு இழுத்துக்கொள்ளும். ஊசி ஒவ்வொரு முறையும் புதிது. பழையதைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுவைத்து மருத்துவமனையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். குப்பையில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கையில்தான் குத்தும்.

சாப்பாட்டு விஷயத்தில் நான் படித்ததெல்லாம் குப்பைக்குப் போனது. பாஸ்பரஸ் குறைவாக, புரதம் அளவாக என்று பட்டியல் வைத்திருந்தேன். "அதெல்லாம் இன்னும் இரண்டு வருடம் வாழப்போகிற நாய்க்கு. இவள் எதைத் தின்றாலும் சரி" என்றார் மருத்துவர். முட்டையின் வெள்ளைக்கரு கலந்த குழைந்த சோறு ஆறு நாள் ஓடியது. பிறகு இட்லி. பிறகு அதுவும் இல்லை. கழிவு ரத்தத்திலேயே தங்கிவிடுவதால் வாயில் மூத்திர வாடை அடிக்கும், உதட்டின் உட்பக்கம் புண் வரும், காலையில் மஞ்சளாக வாந்தி எடுக்கும். குமட்டலுக்கான மாத்திரை கொடுத்து அரை மணி கழித்துத்தான் தட்டை நீட்டுவேன். ஒன்றை மட்டும் எத்தனை தடவை சொன்னாலும் தகும்: பாவமாக இருக்கிறதே என்று நம் வீட்டு வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மிச்சம் இருக்கும் சிறுநீரகத்தையும் அது தின்றுவிடும்.

பேக்கரிக்காரரிடம் போய்க் கேட்டேன். "தேங்காய் பன்னுங்க. மூன்று மணிக்குச் சூடாக வரும்போது எழுந்து நிற்பாள்" என்றார். அன்று மூன்று மணிக்கு வாங்கி வந்து பிய்த்துப் போட்டேன். நடுவில் இருந்த தேங்காய்ப் பூரணத்தை நக்கித் தின்றுவிட்டு மாவைத் தள்ளிவிட்டாள். பதினேழு நாள் தினமும் ஒரு பன். மாவு முழுவதும் எனக்குத்தான்.

மருத்துவர் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த மதிப்பெண் முறை. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் இன்னும் இப்படியே பார்த்துக்கொள்ளலாம். தினமும் ராத்திரி ஒரு நோட்டில் எழுதினேன். 44, 43, 45, 41.

ஐந்தாவது வாரத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. இரண்டு நாளாகப் பன்னைத் தொடவில்லை, என் நோட்டில் 38 இருக்கிறது. என் கணக்கைக் காட்டாமல் கணவரைத் தனியாகப் போடச் சொன்னேன். அவர் போட்டது 24. உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தோம். மகிழ்ச்சிக்கு நான் ஆறு கொடுத்திருந்தேன், ஏனென்றால் நான் உள்ளே வந்தபோது வாலை ஒரு தடவை அசைத்தாள். அவர் இரண்டு கொடுத்திருந்தார், ஏனென்றால் அவர் பார்த்த மூன்று மணி நேரமும் அவள் சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். நீர்ச்சத்துக்கு நான் போட்ட ஒன்பது, டிரிப்ஸ் ஏற்றிய எனக்கு நானே கொடுத்துக்கொண்டது.

அத்தை நோட்டெல்லாம் பார்க்கவில்லை. கடைசிவரை நாயைத் தொடவும் இல்லை. ஆனால் அன்று காலை காப்பியை வைத்துக்கொண்டே, "நேற்றிலிருந்து பால்காரர் வண்டிச் சத்தத்துக்குக் காதைத் தூக்கவில்லை" என்றார். தினமும் அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

காப்பகத்துடன் பேசினோம். வியாழக்கிழமை என்று முடிவானது. பெங்களூரிலிருந்து மகள் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றாள். அதற்காகச் சனிக்கிழமைக்கு மாற்றக் கேட்டேன். காப்பகத்துப் பெண் தயங்கினார், நான் வற்புறுத்தினேன், ஒத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்றரை மணிக்கு வலிப்பு வந்தது. நான்கு கால்களும் துழாவ, வாயில் நுரை, தரையில் தலை இடிபட இரண்டு நிமிடம். நின்று, மறுபடி வந்தது. தலைக்கு அடியில் வேட்டியைச் சுருட்டி வைத்ததைத் தவிர என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை. அந்த இரண்டு நாளை நான் நாய்க்காகக் கேட்டு வாங்கவில்லை. ஒப்பந்தத்தின் ஐந்தாவது வரி எதற்காக இருந்தது என்று அப்போது தெரிந்தது.

மருத்துவர் விடிவதற்குள் வந்துவிட்டார். நடக்கப்போவதை முன்கூட்டியே சொன்னார்: முதலில் தசையில் மயக்க ஊசி, பத்து நிமிடத்தில் நன்றாகத் தூங்கிவிடுவாள், பிறகு முன்னங்காலில் முடியை மழித்து நரம்பில் இரண்டாவது ஊசி, கண் மூடாது, உயிர் போன பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பதுபோல உடம்பு அசையலாம், அது மூச்சு இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் நான் கத்தியிருப்பேன். மயக்க ஊசி வேலை செய்தபோது ஐந்து வாரத்தில் கேட்காத ஒரு சத்தம் கேட்டது. குறட்டை. அத்தை நிலைப்படியில் நின்றுகொண்டு, "நன்றாகத் தூங்குகிறாள்" என்றார். மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தபோது மணி ஐந்து நாற்பது. மகள் வந்த பஸ் அப்போது அவிநாசி தாண்டியிருந்தது.

கிணத்துக்கடவில் கணவரின் தம்பி தோப்பில் புதைத்தோம். ஆழமாகத் தோண்டி, மேலே கல் அடுக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். செலுத்திய மருந்து உடம்பில் இருக்கும், வேறு நாயோ கழுகோ தோண்டித் தின்றால் அதுவும் சாகும். கல்லை மகள்தான் சுமந்து வந்து அடுக்கினாள்.

திங்கட்கிழமை மீதி மாத்திரைகளையும் ஊசி பாட்டிலையும் காப்பகத்தில் ஒப்படைத்தேன். பிரித்த டிரிப்ஸ் பாட்டிலை யாருக்கும் பயன்படுத்தக் கூடாது என்பதால் வாங்கவில்லை. 300 மில்லி இருந்தது. சாக்கடையில் ஊற்றிவிட்டு ஜன்னல் கொக்கியைக் கழற்றப் போனேன்.

"அது இருக்கட்டும்" என்றார் அத்தை. "துணிப்பை மாட்ட ஆகும்."