நாயின் முதுகில் இருக்கும் கை

குடும்ப உருவப்படம் வரைவது என் தொழில். வீட்டாரோடு நாயையோ பூனையையோ சேர்த்து வரையச் சொல்பவர்கள் நிறையப் பேர். "அதையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?" என்று தயங்கித்தான் கேட்பார்கள். எனக்கோ, படம் உயிர் பெறும் இடமே அதுதான்.

மனிதர்கள் என் எதிரே உட்கார்ந்ததும் தோளை நிமிர்த்திக்கொள்வார்கள், அளவாகச் சிரிப்பார்கள். நாய்க்கு அதெல்லாம் கிடையாது. குடும்பத் தலைவரின் காலடியில் படுக்கவைக்க நாங்கள் திட்டமிட்டிருப்போம். அது எழுந்து நேராகத் தனக்குச் சாப்பாடு வைக்கும் பாட்டியிடம் போய்விடும். சரி என்று பாட்டியை நடுவில் உட்காரவைத்துப் படத்தின் அமைப்பையே மாற்றிவிடுவேன்.

நான் முதலில் கவனிப்பது கையைத்தான். பழகிய கையின் விரல்கள் ரோமத்துக்குள் பாதி புதைந்திருக்கும். அவர் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார், கட்டைவிரல் பாட்டுக்குக் காதின் அடியைத் தடவிக்கொண்டிருக்கும். படத்துக்காக வைத்த கையோ தட்டையாகக் கிடக்கும். அந்தக் கை நாய்க்கும் பிடிக்காது. மூக்கை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கும். அப்போது விழியின் வெள்ளை பிறை போலத் தெரியும். பூனையென்றால் காதுகள் பக்கவாட்டில் மடங்கும், வால் நுனி படபடவென்று அடித்துக்கொள்ளும். இவற்றைக் கண்டால் தூரிகையைக் கீழே வைத்துவிடுவேன். மிரண்டு நிற்கும் உயிரை அதன் சொந்த வீட்டிலேயே அப்படி வரைய எனக்கு மனம் வராது.

ஆங்கில ஓவியர் தாமஸ் கெயின்ஸ்பரோ தன் இரு மகள்களைப் பூனையோடு வரையத் தொடங்கிய படம் ஒன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 1760 வாக்கில் வரைந்தது, முடிக்காமலே விட்டுவிட்டார். சிறுமிகளின் முகங்கள் துலக்கமாக இருக்க, பூனை மட்டும் சில மெல்லிய கோடுகளாக நிற்கிறது, உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு அது குறையாகவே படவில்லை. பிள்ளைகளின் கையில் பூனை அப்படித்தானே இருக்கும், இருக்கிறதா நழுவிவிட்டதா என்று தெரியாமல்!

அதே கேலரியில் யான் வான் எய்க் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியர் படமும் உண்டு. அவர்கள் காலடியில் நிற்கும் குட்டி நாய்க்கு, வண்ணம் தீட்டுமுன் அடியில் போடும் கோட்டுச் சித்திரம் கிடையாது என்று அகச்சிவப்பு ஆய்வில் தெரிந்தது. பிற்பாடு நேராக வண்ணத்திலேயே சேர்த்திருக்கிறார். நாய் விசுவாசத்தின் சின்னம் என்று பலரும் விளக்குவார்கள். இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியாகத் தெரியும்படி அதைத் தீட்டியவர் நாயை நாயாகவும் ரசித்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன்.

இறந்துபோன செல்லப்பிராணியை வரையச் சொல்லி வருபவர்களிடம்தான் நிறையப் பேச வேண்டியிருக்கும். அவர்கள் தரும் போட்டோக்கள் பெரும்பாலும் நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தவை. தலை பெரிதாகவும் கால்கள் குட்டையாகவும் விழுந்திருக்கும். அதன் கண்மட்டத்தில் எடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். அப்புறம், யார்மேல் சாய்ந்து உட்காரும், எந்தப் பக்கம், கூப்பிட்டால் முதலில் காது திரும்புமா தலை திரும்புமா என்றெல்லாம் விசாரிப்பேன். அழுதுகொண்டே வந்தவர்கள்கூட இதைச் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. போனில் வீடியோ இருந்தால் இன்னும் நல்லது. ஆடிக்கொண்டு, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, கொடுங்கள் என்பேன்.