நாய்க்கும் பிரசாதம் உண்டு: செயின்ட் ஹூபர்ட் திருநாள்

பெல்ஜியத்தின் தெற்கே, பிரெஞ்சு பேசும் வல்லோனியாவில், ஆர்டென் காடுகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர் செயின்ட் ஹூபர்ட். நவம்பர் 3 புனித ஹூபர்ட்டின் திருநாள். அன்றைக்கு பசிலிக்காவுக்குப் போனால், வீட்டு நாயையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கலாம். குதிரையோடு வருகிறவர்களும் உண்டு.

ஹூபர்ட் பெரிய இடத்துப் பிள்ளை, வேட்டைப் பித்து. புனித வெள்ளியன்று ஊரே ஜெபத்தில் இருக்க, இவர் மட்டும் நாய்களோடு காட்டுக்குப் போனாராம். துரத்திய மான் சட்டென்று நின்று திரும்பியது. அதன் கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிவிட்டதாம். அதோடு வேட்டையை விட்டவர், பிறகு ஆயர் (பிஷப்) ஆனார். இதே மான் கதை இவருக்கு முந்தைய புனித யூஸ்டேஸுக்கும் சொல்லப்படுகிறது. தலபுராணங்கள் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்குவது நமக்குப் புதிதா என்ன? வரலாற்று ஹூபர்ட் லியேஜ் நகரின் முதல் ஆயர், 727-இல் மறைந்தவர். 825-இல் அவர் உடலை இங்கிருந்த ஆண்டாஜ் மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். நாளடைவில் மடத்துக்கும் ஊருக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

வேட்டைக்காரர்களுக்குக் காவலர் என்றால் வேட்டைநாய்களுக்கும் காவலர்தானே. அப்புறம் நாய்க்கடிக்கும் அவரே என்றாகிவிட்டது. வெறிநோய் கண்டால் சாவு நிச்சயம்; 1885-இல் பாஸ்டரின் தடுப்பூசி வரும்வரை அதைத் தடுக்கவும் வழியில்லை. தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பயம் தெரியும். அந்த ஊசியும் இல்லாத காலத்தில் கடிபட்டவர்கள் இந்த மடத்தைத் தேடி நடந்தே வந்தார்கள்.

அன்னை மரியா வானதூதர் கையில் கொடுத்தனுப்பியதாக நம்பப்படும் தோள்துகில் (குருக்கள் பூசையில் தோளில் அணியும் நீளத் துணி) ஒன்று இங்கே உண்டு. கடிபட்டவரின் நெற்றியில் லேசாகக் கீறி, அந்தத் துகிலின் துளி நூலிழையை உள்ளே வைத்து, துணியால் கட்டிவிடுவார்கள். பிறகு ஒன்பது நாள் நவநாள் ஜெபம். பத்தியம் கடுமையானது: வெள்ளை விரிப்பில் தனியாகப் படுக்க வேண்டும், நாற்பது நாள் தலை வாரக் கூடாது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடித்த நாயெல்லாம் வெறிநாய் இல்லை, கடிபட்ட எல்லாருக்கும் நோய் வருவதும் இல்லை. பிழைத்தவர்கள் ஹூபர்ட்டின் பெயரை ஊர் ஊராய்ச் சொல்லியிருப்பார்கள். பிழைக்காதவர்களுக்கும், கடைசி நாட்களில் செய்வதற்கு என்று ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

1526-க்குப் பிறகு புதிதாகக் கட்டியது இப்போதுள்ள பசிலிக்கா. உள்ளே கோதிக் பாணி, முகப்பு மட்டும் பிற்காலத்தது. பாடகர் இருக்கைகளைத் தவறவிடாதீர்கள். 1733-ஐச் சேர்ந்த அந்த மரவேலையில் ஹூபர்ட்டின் வாழ்க்கையும் புனித பெனடிக்ட்டின் வாழ்க்கையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெல்ஜிய மன்னர் முதலாம் லியோபோல்ட் தந்த பளிங்குச் சமாதியும் உண்டு, ஆனால் உள்ளே உடல் இல்லை. 16-ஆம் நூற்றாண்டு மதப்போர்களின்போது காணாமல் போனது இதுவரை கிடைக்கவில்லை. வெறும் சமாதி என்று தெரிந்தும் அதன் முன்னால் நின்று கும்பிடுகிறார்கள். நானும் கும்பிட்டேன்.

திருநாள் பூசையில் பாட்டைவிட ஊதுகொம்புதான் பிரதானம். வட்டமாகச் சுருட்டிய பித்தளைக் கொம்புகளை ஒரே நேரத்தில் ஊதும்போது கல்தூணெல்லாம் அதிர்கிற மாதிரி இருக்கிறது. இந்த வாசிப்புக் கலையை 2020-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அப்புறம் ரொட்டி. மந்திரித்த சின்னச் சின்ன ரொட்டிகளை மனிதர்களும் சாப்பிடலாம், வீட்டு விலங்குகளுக்கும் கொடுக்கலாம். எனக்குப் பக்கத்தில் நின்ற பாட்டி ஒன்றைப் பிட்டு, முதல் துண்டைத் தன் நாய்க்கு ஊட்டினார். அது மோந்துகூடப் பார்க்காமல் விழுங்கியது. மிச்சத்தைத் தான் தின்றுவிட்டு, கையில் ஒட்டிய தூளையும் நாய் நக்கட்டும் என்று நீட்டினார். பைரவரைக் கும்பிடுகிற ஊர்க்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. மானைக் கண்டு வேட்டையை விட்ட மனிதருக்கு வேட்டைக்காரர்களே தலைமை பக்தர்கள்! தாயையும் குட்டியையும் விட்டுவிட வேண்டும், வீணாகக் கொல்லக் கூடாது என்பதே ஹூபர்ட் கற்றுத்தந்த நெறி என்று அவர்கள் விளக்கம் சொல்கிறார்கள். எனக்கு அது முழுதாக ஒட்டவில்லை.

ரோஜா ஓவியங்களுக்குப் பேர்போன பியேர்-ஜோசஃப் ரெடூத்தே 1759-இல் பிறந்ததும் இதே ஊரில்தான். போக நினைப்பவர்களுக்கு: ரயில் ஊருக்குள் வராது. நாமூர்–லக்சம்பர்க் பாதையில் புவா-செயின்ட்-ஹூபர்ட் நிலையத்தில் இறங்கி, மேலும் சில கிலோமீட்டர் போக வேண்டும். பேருந்து நேரத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். நவம்பர் குளிருக்குக் கனமான கோட்டும் வேண்டும்.