ஒரு திவசம் ஆறு நேரம்

26 செப்டம்பர் 2025, வெள்ளி, இரவு 11.40

தூக்கம் வரவில்லை. மகள் விட்டுவிட்டுப் போன ரஃப் நோட்டில் எழுதுகிறேன். முன்பக்கமெல்லாம் அவள் போட்ட பின்னக் கணக்கு.

காலையில் புனலூர் போனேன். என்னிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கிக் கடன் எடுத்துவிட்டுக் காணாமல்போனவன் அங்கே ரப்பர் மரக் கடை ஒன்றில் நிற்பதாகக் கேள்விப்பட்டேன். கடை இருந்தது, ஆள் இல்லை. வாடகை வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டு அம்மாள், ஓணத்துக்கு முன்னாலேயே போய்விட்டார்கள் என்று கையை விரித்தார். ஓணம் முடிந்தே மூன்று வாரம் ஆகிறது.

நாலு லட்சத்து இருபதாயிரம். அவன் வாங்கியது, நான் கட்ட வேண்டியது. பைக்கைத் தூக்கிப்போய் ஒரு மாதம் ஆகிறது. வாசலில் ஆள் வந்து நின்று சத்தம் போட்ட மறுநாளே மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கடையநல்லூர் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

திரும்பி வர மதிய ரயில். தென்மலைக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். ஏன் தென்மலை என்று இங்கே எழுதப்போவதில்லை. செங்கோட்டை வரைக்கும் எடுக்க வேண்டிய அவசியம் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எதிர் சீட்டில் ஒரு பெரியவர். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை வேட்டி, மடியில் மஞ்சப்பை. எடமண் தாண்டியதும் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

“தம்பி, இத கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுதியளா? நமக்கு மலையாளம் வராது.”

எனக்கு வரும். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் புனலூரில்தான் கணக்கு எழுதினேன். தாளைப் பார்த்தேன். வலது கண்ணில் புரை ஆபரேஷன், நேற்று நடந்திருக்கிறது. அதற்குச் சொட்டு மருந்து விடும் அட்டவணை. வாரத்துக்கு ஒரு நேரமாகக் குறைத்துக்கொண்டே வந்து ஆறு வாரத்தில் நிறுத்த வேண்டும். சத்தமாக வாசித்தேன்: “ஒரு திவசம் ஆறு நேரம்.”

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “திவசமா? அது வருசத்துக்கு ஒண்ணு போதும் தம்பி. அதுவும் செத்தப்புறம்.”

மலையாளத்தில் திவசம் என்றால் நாள். எனக்குத் தெரியாததா? ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்றோ, கன்னம் வலித்தது. அவரும் சிரித்தார். “ரெண்டாவது வாரம் என்ன போட்டிருக்கு, மூணாவது வாரம் என்ன?” என்று வரிவரியாகக் கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தேன். நிமிர்ந்தபோது தென்மலை ஸ்டேஷன் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

பதிமூன்று கண் பாலத்தின் மேல் வண்டி ஊர்ந்தது. கீழே கொல்லம் ரோட்டில் வைக்கோல் லாரி ஒன்று. இந்தப் பாதை 1904இல் போட்டது, 2018இல்தான் அகலப் பாதையாகி முழுசாகத் திறந்தது, நடுவில் பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்தோம் என்றெல்லாம் பெரியவர் சொல்லிக்கொண்டே வந்தார். குகைக்குள் நுழைந்து பெட்டி இருட்டானதும், “இப்ப ஒங்களுக்கும் எனக்கும் ஒரே பார்வைதான்” என்றார்.

செங்கோட்டையில் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார். கூட வந்த பையன் வேலை இருக்கிறதென்று புனலூரிலேயே நின்றுவிட்டானாம். மகன் வளைகுடாவில். மருமகள் தாய்வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் வருவாளாம். “ராத்திரி ஒன்பது மணிச் சொட்டு மட்டும் விட்டுட்டுப் போயிருங்க தம்பி.”

ஓட்டு வீடு. கட்டிலில் படுத்து உத்தரத்தைப் பார்த்தார். கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தேன். கண் ரத்தச் சிவப்பு. குப்பியைக் கவிழ்த்தால் சொட்டு உடனே விழவில்லை. முனையில் திரண்டு, தொங்கி, அதற்குள் குழல் விளக்கு வளைந்து தெரிந்தது. என் கை நடுங்கியது. விழுந்தது மூக்கில்.

“பரவால்ல, மூக்குக்கும் வயசாயிட்டு” என்றார்.

இரண்டாவது சொட்டு சரியாக விழுந்தது. கிளம்பும்போது, “காலைல ஆறு மணிக்கு வந்திருதியளா? ஒரு சொட்டு பிந்துனாலும் டாக்டர் ஏசுவாரு” என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். என் வீடு இருக்கும் பிரானூர் பார்டரிலிருந்து நடந்தால் முக்கால் மணி நேரம். அலாரம் ஐந்துக்கு.

27 செப்டம்பர், சனி

போனேன். விட்டேன். ஆறு வேளையும் நானே. இடையில் அவர் தூங்கும்போது திண்ணையில் நானும் தூங்கினேன். பகலில், வேற்று வீட்டுத் திண்ணையில், நாலு மணி நேரம்.

நேற்று நோட்டில் எழுதியதை அப்படியே வலைப்பக்கத்தில் போடுகிறேன். பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

மருமகள் வந்துவிட்டார். இனி என் வேலை முடிந்தது என்று எழுந்தேன். பெரியவர் அவருக்குக் கேட்காமல் என் காதில் சொன்னார்: “அவளுக்குக் கை நடுங்கும் தம்பி. பகல்ல எப்படியோ சமாளிச்சுக்கிடுதேன். காலையும் ராத்திரியும் நீங்க வந்திருங்க.”

3 அக்டோபர், வெள்ளி

இன்றிலிருந்து ஐந்து நேரம். ஆறும் ஒன்பதும் என் கணக்கு.

மில்லுக்குத் திரும்பப் போய்விட்டேன். பத்து நாள் சொல்லாமல் நின்றதற்கு முதலாளி ஏசினார். ஏசிவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார், இரண்டு. நானும் உட்கார்ந்து குடித்தேன். மரத்தூள் வாசனை இத்தனை நாள் மூக்கில் ஏறவேயில்லை. இன்றைக்குத் தேக்கு அறுத்தார்கள், தெரிந்தது.

வேறொன்றும் இல்லை.

10 அக்டோபர், வெள்ளி

நேற்று ராத்திரி மோசம். சொட்டு விட்டுவிட்டு வரும் வழியில் பரோட்டாக் கடைகளுக்கு முன்னால் குடும்பம் குடும்பமாகக் காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். தென்மலை மறுபடி வந்தது.

14416 என்று ஒரு நம்பர் இருக்கிறது. மத்திய அரசின் டெலி மானஸ், 2022இல் இதே அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கியது. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், ஒரு போஸ்டரில் படித்திருக்கிறேன். படித்ததற்கும் கூப்பிடுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஒன்றேமுக்காலுக்குக் கூப்பிட்டேன். எடுத்த பெண்ணிடம் முதலில் சொன்னது, “காலையில் ஆறு மணிக்கு ஒருத்தருக்குக் கண்ணில் மருந்து விட வேண்டும்.” பேத்தல்தான். அவர் சிரிக்கவில்லை. “சரி, ஆறு மணிக்குப் போகணும். அதுவரைக்கும் எப்படி இருக்கப்போறீங்க, பேசுவோமா?” என்று கேட்டார். சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டார். நேராகக் கேட்டதும் நேராகச் சொல்ல முடிந்தது. அந்தச் சொல்லை நான் அதற்கு முன்னால் வாயால் சொன்னதே இல்லை.

ஆறுக்குப் போய் நின்றேன். இன்றிலிருந்து நாலு நேரம்.

14 அக்டோபர், செவ்வாய்

கடன் விஷயம். வசூலுக்கு வருகிறவர்கள் காலை எட்டுக்கு முன்னாலும் மாலை ஏழுக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது, எந்த நேரத்திலும் மிரட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியிருக்கிறதாம். கோர்ட்டில் இருக்கும் இலவசச் சட்ட உதவியில் சொன்னார்கள். எனக்கு ராத்திரி பத்தரைக்கெல்லாம் வந்திருக்கிறது. மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜாமீன் போட்டவன் கட்டத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை. தவணையைக் குறைத்து நீட்டிக் கேட்கலாம் என்றார்கள்.

அங்கே போகச் சொன்னவர் பெரியவரின் மருமகள். அவரிடம் நான் எதுவும் சொன்னதில்லை. கேட்டதற்கு, “மாமா சொன்னாவ” என்றார். மாமாவிடமும் சொன்னதில்லையே!

20 அக்டோபர், திங்கள், தீபாவளி

விடியற்காலை வெடிச் சத்தத்துக்கு நடுவில் சொட்டு. இப்போது குறி தப்புவதில்லை. கண் வெளுத்துவிட்டது. பெரியவர் சுவர்க் காலண்டரில் தேதியைப் படித்துக் காட்டிவிட்டு, அதற்குக் கீழே பொடியாக இருந்த ராகுகாலத்தையும் படித்தார்.

முந்திரிக்கொத்து ஒரு தூக்கு கொடுத்தார்கள். மருமகள் தைக்கிறவர், கூடத்தில் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை சட்டத்தில் பூட்டிக் கிடந்தது. ஆரி வேலை. பேசிக்கொண்டே ஊசியில் பாசிமணியைக் கோத்துக்கோத்து மயில் கழுத்தை முடித்தார். ஒரு மணி கூடக் கீழே விழவில்லை.

“ஒங்களுக்குக் கை நடுங்கும்னு ஐயா சொன்னாங்களே” என்றேன்.

“எனக்கா?” என்றார். அப்புறம் மாமனாரைப் பார்த்தார். அவர் அதிரசத்தை மும்முரமாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேலே கேட்கவில்லை.

மகள் போன் செய்தாள். புதுச் சட்டை என்ன கலர் என்று கேட்டாள். எடுக்கவில்லை என்றேன். “பரவால்லப்பா, எனக்கும் கலர் பிடிக்கல” என்றாள். பின்னால் அவள் அம்மா ஏதோ சொன்னது கேட்டது. என்னவென்று விளங்கவில்லை. குரல் கேட்டது.

26 அக்டோபர், ஞாயிறு

அக்கா மகள் பாளையங்கோட்டையில் சமூகப் பணி படிக்கிறாள். நான் போட்டதையெல்லாம் படித்துவிட்டாள், அக்காவிடம் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. அவள் ஒன்று சொன்னாள். சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்று ஒரு மனநல மருத்துவர். சாக நினைத்தோ, மனம் உடைந்தோ ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, வெளியே போனபின் சிகிச்சை வேண்டாம் என்றவர்கள் 843 பேர். அவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து வருஷம் அவ்வப்போது சின்னச் சின்னக் கடிதம் போட்டார்களாம். வைத்தியம் இல்லை, புத்திமதி இல்லை. நலமா, எழுதத் தோன்றினால் எழுதுங்கள், அவ்வளவுதான். கடிதம் வந்தவர்களில் தற்கொலை குறைவாக இருந்தது, முதல் இரண்டு வருஷம் நன்றாகவே குறைவு. 2001இல் அச்சில் வந்த ஆய்வு.

“ரெண்டு வரிக் கடிதத்துக்கா?” என்றேன்.

“பதில் கேக்காத கடிதம் மாமா, அதான் விசேஷம்” என்றாள்.

எனக்கு அது முழுக்க ஒப்பவில்லை. என்னிடம் நலமா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்கும்போதே அவர்கள் முகத்தில் ‘பணம் கேட்டுவிடுவானோ’ என்று இருக்கும். பெரியவர் நலம் விசாரித்ததே இல்லை. வேலைதான் வைத்தார். ஒருவேளை எனக்கு அந்த வகைதான் ஏறுமோ என்னவோ.

இன்னொரு கணக்கும் மனதில் ஓடுகிறது. அந்தக் கடிதம் ஐந்து வருஷம் வந்தது. என் குப்பி ஆறு வாரம். இரண்டு நேரத்துக்கு வந்தாயிற்று.

1 நவம்பர், சனி

ஒரு நேரம்தான் இப்போது, ராத்திரி. இன்று சீக்கிரமே போய்விட்டேன், மழை வரும்போல இருந்தது. பெரியவர் திண்ணையில் இருந்தார். கறுப்புக் கண்ணாடி இல்லை. கையில் பேப்பர். என்னைப் பார்த்ததும் மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். வைத்த வேகத்தில் தலைப்பு வெளியே தெரிந்தது. மலையாளப் பேப்பர்.

நான் பார்த்ததை அவர் பார்த்தாரா, தெரியாது. தானாகவே பேச்சை எடுத்தார். இன்றைக்கு நவம்பர் ஒன்று அல்லவா? 1956இல் இதே நாளில்தான் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அவருக்கு அப்போது பத்து வயது.

“படுக்கும்போது அந்த ராச்சியம், முழிக்கும்போது இந்த ராச்சியம். பள்ளிக்கூடத்துல வாத்தியார் கேட்டாரு, ஏல, மலையாளம் வாசிக்கத் தெரிஞ்சவன்லாம் கையத் தூக்குங்கலேன்னு.”

“நீங்க தூக்குனீங்களா ஐயா?”

“மழை வருது, உள்ள வாங்க” என்றார்.

6 நவம்பர், வியாழன்

கடைசிச் சொட்டு. குப்பியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரண்டு தடவை தட்டித்தான் இறங்கியது. கண்ணை மூடி ஒரு நிமிஷம் கிடந்தார். நான் குப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

கடையநல்லூருக்கு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். வரச் சொல்லியிருக்கிறாள். பேசத்தான், வேறொன்றும் சொல்லவில்லை. நாலு லட்சத்து இருபதாயிரத்தில் முதல் தவணை ஐயாயிரம் கட்டியிருக்கிறேன்.

பெரியவர் எழுந்து உட்கார்ந்து, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதே ஆஸ்பத்திரித் தாள், அதே பொடி எழுத்து. கண்ணாடி போடாமலே அதை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

“இடது கண்ணுக்குத் தேதி போட்டிருக்காவளாம். என்னைக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுதியளா தம்பி? நமக்கு மலையாளம் வராதே.”

விளக்குப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து வாசித்தேன்.