பெரியப்பாவின் டொயோட்டாவும் எங்கள் கொப்பியும்

2024 ஜனவரியில் ஒரு நாள், கனடாவின் 401 நெடுஞ்சாலையின் நடுவில், பின்னால் மூன்று பிள்ளைகளும் மாமியும் இருக்க, எங்கள் பழைய வான் கியர் மாற மாட்டேன் என்றது. ஓரங்கட்டிவிட்டு டோ ட்ரக் வரும்வரை குளிரில் காத்திருந்தோம். மாமி தனக்குத் தெரிந்த தேவாரமெல்லாம் பாடி முடித்தார். ஸ்காபரோவில் எங்களுக்கு வழக்கமாக வேலை செய்யும் கராஜ் அண்ணை வானைப் பார்த்துவிட்டு, "ட்ரான்ஸ்மிஷன் போடுற காசு இந்த வானே பெறாது" என்றார்.

ஏழு பேர் ஏற வேண்டும். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கும் போக வேண்டும், மொன்றியலுக்கும் போக வேண்டும். புதிது வாங்க வசதியில்லை, பாவித்த வான்தான். எது உடையாமல் ஓடும் என்று எல்லோரையும் கேட்டேன். பெரியப்பா யோசிக்கவே இல்லை. "டொயோட்டா எண்டா கண்ணை மூடிக்கொண்டு வாங்கு. ஹொண்டாவின்ரை கியர்பொக்ஸ் சரியில்லை."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது 1999 முதல் 2004 வரை வந்த ஹொண்டா ஒடிஸி வான்களின் கதை. அவற்றில் பிந்திய வருட மாடல்களை 2004இல் ஹொண்டாவே திருத்தித் தருவதாகத் திருப்பி அழைத்தது (ரீகோல்). இருபது வருடமாகியும் எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் அந்தக் கியர்பொக்ஸ் இன்னும் உடைந்துகொண்டுதான் இருக்கிறது.

மகளின் பழைய பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றை எடுத்து ஒவ்வொரு வானுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் தளத்தில் வாகனக்காரர் போடும் முறைப்பாடுகளை யாரும் வாசிக்கலாம். முதலில் அவற்றின் எண்ணிக்கையைத்தான் பார்த்தேன். அது வீண் வேலை. அதிகம் விற்ற வானுக்கு அதிகம் முறைப்பாடு வரத்தானே செய்யும்? அப்புறம் வேறு விதமாக வாசித்தேன். ஒரே பழுது, ஏறக்குறைய ஒரே கிலோமீற்றரில், பலருக்கு வந்திருக்கிறதா? அப்படியானால் மட்டும் கொப்பியில் ஏறும்.

இப்படி வாசித்தபோது பிராண்டின் பெயரைவிட மாடல் வருடம்தான் பெரிதாகத் தெரிந்தது. டொயோட்டா சியெனாவின் பழைய உடம்புக்குள் 2017இல் புது எஞ்சினும் எட்டு கியர் பெட்டியும் வந்தன. 2021 முதல் அது ஹைபிரிட் மட்டும்தான். அதன் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஒடிஸி 2018இல் புது உருவம் எடுத்தது. முதலில் மாடலைப் பொறுத்து ஒன்பது கியரோ பத்து கியரோ வந்தது, 2020இலிருந்து எல்லாவற்றிலும் பத்துதான். விண்ட்சரில் செய்யும் கிறைஸ்லர் பசிஃபிக்காவின் 2017, 2018 ஹைபிரிட்களை 2022இல் தீப்பிடிக்கும் அபாயம் என்று திருப்பி அழைத்தார்கள். திருத்தும்வரை வீட்டை விட்டுத் தள்ளி நிறுத்தும்படியும் சொன்னார்கள். அதன் சாதாரண பெற்றோல் வானுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனாலும் மனைவி அந்தப் பக்கத்தைக் குறுக்கே வெட்டிவிட்டார். கியா கார்னிவல் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இங்கே 2022 மாடலோடுதான் அந்தப் பெயர் வந்தது. இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடியவர் யாரும் கண்ணில் படவில்லை. கெட்டது என்றில்லை, சாட்சி இல்லை.

பக்கக் கதவு விஷயத்தில் எல்லோரும் ஒன்றுதான் போலிருக்கிறது. 2011 முதல் 2016 வரையான சியெனாக்களை 2016இல் அதற்காகத்தான் திருப்பி அழைத்தார்கள். 2018 முதல் 2020 வரையான ஒடிஸிகளை 2020இல் அழைத்தார்கள்: வெளிக் கைபிடியின் கேபிளுக்குள் நீர் புகுந்து உறைந்தால் கதவு சரியாகப் பூட்டாது, ஓடும்போதே திறக்கலாம். கனடாவில் இருந்துகொண்டு இதை வாசித்தால் வயிற்றைப் பிசையும்தானே. நல்ல காலம், வானின் தனி அடையாள எண்ணான விஐஎன் இலக்கத்தைக் கொடுத்தால் ரீகோல் வேலை செய்தாயிற்றா என்று கம்பனியின் தளமே சொல்லிவிடும். இரண்டு நிமிட வேலை, சதச் செலவில்லை.

கொப்பி இவ்வளவுக்குத்தான் உதவியது. மிச்சத்தைக் கராஜில்தான் படித்தேன்.

முதலில் ஒரு டீலரிடம் வெள்ளை வான் ஒன்று பார்த்தோம். உள்ளே மணமணவென்று வாசனை, சில்லுகள் பளபளத்தன. "சேஃப்டி போட்டுத்தான் தருவோம்" என்றார்கள். ஒன்ராறியோவில் அந்தச் சேஃப்டிப் பத்திரம் 36 நாளைக்குத்தான் செல்லும். அன்றைக்கு வீதியில் ஓடத் தகுதியானது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கையெழுத்து வைத்த பிறகு மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். டீலரிடம் வாங்கும் வாகனத்துக்கு இங்கே அப்படியொரு சட்டம் கிடையாது. அதனால் கையெழுத்துக்கு முன்னமே அண்ணையிடம் கொண்டுபோனேன்.

வானை மேலே தூக்கியதும் அண்ணை ஒன்றும் பேசவில்லை. அடிப்பக்கம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டில் ஸ்குரூ ட்ரைவரின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், பிறகு ஓரிடத்தில் சத்தம் செத்தது. முனையைத் திருப்பி ஊன்றினார். பூச்சு உரிந்து, பிஸ்கட் தூள் மாதிரிக் கறள் அவர் சட்டைக் கையில் கொட்டியது. "எஞ்சின் நல்லாத்தான் இருக்கும் தம்பி. ஆனா அதைத் தாங்க ஒண்டும் இராது." பனிக்கு ரோட்டில் போடும் உப்பு செய்த வேலை. எந்தத் தரவரிசையிலும் வராத பழுது.

அதற்குப் பிறகு ஆறு வான் பார்த்தோம். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன், நான் வரும்வரை ஸ்ரார்ட் பண்ணாதீர்கள் என்று. போனதும் பொனற்றில் கை வைத்து, சூடில்லையா என்று பார்ப்பேன். பக்கக் கதவுகளைப் பத்துத் தரம் திறந்து மூடுவேன். பின் ஹீற்றரைத் தனியாகப் போட்டுப் பார்ப்பேன். மனைவி ஓட்ட, நான் கடைசி வரிசையில் குந்திக்கொண்டு சில்லுப் பக்கம் காது கொடுப்பேன். முன்னால் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பவருக்குக் கேட்காத இரைச்சல் அங்கே கேட்கும்.

கடைசியில் போமன்வில்லில் ஒருவரிடம் 2020 ஒடிஸி, 152,000 கிலோமீற்றர். நான்கு வருடத்துக்கு அதிகம்தான், ஆனால் எல்லாம் நெடுஞ்சாலை ஓட்டம். அரசாங்கத்தின் 20 டொலர்ப் பாவித்த வாகனத் தகவல் பொதியில் ஒரே உரிமையாளர், கடன் இல்லை. அதில் விபத்து விபரம் வராது. அதற்குத் தனி அறிக்கை எடுத்தேன். ரீகோல் கதவு வேலை முடிந்திருந்தது. மனிதர் ஒயில் மாற்றிய ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கிக் கிளிப் போட்டு வைத்திருந்தார். அதைக் கண்டதும் பாதி மனம் விழுந்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி: டைமிங் பெல்ட், எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் பட்டி. அந்த எஞ்சினில் அது அறுந்தால் வால்வில் பிஸ்டன் மோதும், எஞ்சின் போய்விடும். 160,000ஐ ஒட்டி, தண்ணீர்ப் பம்புடன் சேர்த்து மாற்ற வேண்டும். அண்ணை 1,500 டொலர் கேட்டார். இதே கிலோமீற்றரில் நாங்கள் பார்த்த சியெனா ஒன்றின் விலை இதைவிட 4,000 டொலர் அதிகம். சியெனாவின் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின், மாற்றும் வேலையில்லை. ஆனால் அந்த வானுக்கு ஒரு ரசீதுகூட இல்லை. கணக்கைக் கொப்பியில் எழுதிக் காட்டியபோது மனைவி, "வரப்போற பழுது எதெண்டு தெரிஞ்ச வான் நல்லம்" என்றார். ரசீதுக்காரர் விலையில் 700 குறைத்தார். பதிவு செய்யும்போது 13 வீத வரி வேறு; தனியாரிடம் வாங்கினால் வாங்கிய விலைக்கோ மொத்த விற்பனை மதிப்புக்கோ, எது கூடவோ அதற்குக் கட்ட வேண்டும்.

அடுத்த கிழமையே பெல்ட்டை மாற்றினோம். அண்ணை பழையதைக் கையில் தந்தார். மடித்துப் பார்த்தேன், ஒரு வெடிப்புக்கூட இல்லை. "இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும்" என்று சிரித்தார். வீட்டுக் கராஜில் ஆணியடித்து அதைத் தொங்கவிட்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வந்த பெரியப்பா வானைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து மூடி, எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அந்த ஆணியடியில் நின்றார்.

"டொயோட்டாவுக்கு இது இல்லைத்தானே?"