சுவரைப் பார்த்துப் படிப்பது: பிரேசில் வாசிப்புக் குறிப்புகள்

ஜூன் 3

பிரேசில் நாவல் எதைத் திறந்தாலும் முதலில் வீட்டுச் சுவரைக் கவனிக்க வேண்டும். பலகையா, மண்ணா, செங்கலா? மனை யார் கையில் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

தொடங்க ஏற்றது கரோலினா மரியா ஜி ஜேசுஸின் 'குவார்த்து ஜி டெஸ்பேஜு' (1960). தட்டுமுட்டுச் சாமான் போடும் அறை என்று பொருள். சாவ் பாவ்லோவில், தியெத்தே ஆற்றோரம் இருந்த கனிண்டே ஃபவேலாவில் (ஏழைகளின் குடிசைப் பகுதி) பலகைக் குடிசை; பழைய காகிதம் பொறுக்கி விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்த பெண்ணின் நாட்குறிப்பு. 1955 ஜூலை 15இல் தொடங்குகிறது. மகளின் பிறந்தநாள், ஷூ வாங்கக் காசில்லை. குப்பையில் கிடைத்த ஜோடியைக் கழுவி, ஒட்டுப்போட்டுக் கொடுக்கிறார்.

ஜூன் 5

பலர் தடுமாறும் இடம்: 1955 ஜூலைப் பதிவுகள் சில நாட்களிலேயே நின்று, அடுத்தது 1958 மே மாதத்துக்குத் தாவுகிறது. தொடர்ச்சியாகப் படித்தால் பிள்ளைகளின் வயது குழம்பும். தொகுத்தவர் பத்திரிகையாளர் அவுதாலியோ தாந்தாஸ். அவர் வெட்டிய இடங்களைப் புள்ளிகள் காட்டுகின்றன. எழுத்துப் பிழைகளை அப்படியே விட்டார். ஆசிரியரின் குரலைக் காத்தாரா, 'படிக்காத பெண்' என்ற முத்திரையை நிலைநிறுத்தினாரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வெட்டும் உரிமையும் விடும் உரிமையும் ஒரே கையில் இருந்ததுதான் கோளாறு என்பேன்.

ஜூன் 9

அடுத்த நூல் 'காசா ஜி அல்வெனாரியா' (1961), அதாவது காரை வீடு. முதல் நூலின் 10,000 பிரதிகள் சில நாட்களிலேயே தீர்ந்தன. இது அப்படிப் போகவில்லை. பசித்த கரோலினாவை வாங்கியவர்களுக்கு, சொந்த வீட்டிலிருந்து அபிப்பிராயம் சொல்லும் கரோலினா வேண்டாம். 2021இல், அவர் வசித்த ஒசாஸ்கு, சந்தானா என்ற இடங்களின் பெயரில் இரு தொகுதிகளாக விரிந்து வந்த பதிப்பே படிக்க உகந்தது.

ஜூன் 14

பாவ்லு லின்ஸின் நாவல் 'சிதாஜி ஜி தேவ்ஸ்' (1997), அதாவது கடவுளின் நகரம்; களமான குடியிருப்பின் பெயரும் அதுவே. ரியோவின் தென்பகுதி ஃபவேலாக்களை இடித்து, மக்களை வேலையிலிருந்து வெகுதூரம் தள்ளி அரசே கட்டிய குடியிருப்பு. சுவர் உறுதி, பிழைப்பு இல்லை. பெயர்கள் கணக்கற்றவை, எல்லாவற்றையும் நினைவில் வைக்க முயன்றால் நூறாவது பக்கத்தில் கைவிடுவீர்கள். மூன்று பகுதிகளுக்கும் தலைப்பாக நிற்கும் ஆட்களைப் பிடித்துக்கொண்டால் போதும். 2002இல் அவரே சுருக்கிய பதிப்பும் உண்டு.

ஜூன் 20

இத்தமார் வியேரா ஜூனியரின் 'தோர்த்து அராது', போர்ச்சுகலில் 2018ஆம் ஆண்டின் லேயா பரிசு பெற்றது. இரு சகோதரிகளின் கதை. களம் வடகிழக்கு மாநிலமான பாஹியாவின் ஷப்பாதா ஜியமான்ச்சினா மலைப்பகுதி, அகுவா நெக்ரா பண்ணை. கூலி கிடையாது, குடியிருக்க இடமும் கொல்லையில் பயிர்செய்ய அனுமதியும்தான். அந்த விளைச்சலிலும் நல்லதை மேற்பார்வையாளர் எடுத்துக்கொள்வார். வீடு மண்ணால் மட்டுமே கட்டலாம், செங்கல்லுக்குத் தடை.

காரணம் கஞ்சத்தனம் அல்ல. கம்பு நட்டு, குறுக்கே வரிச்சு கட்டி, களிமண் அப்பிய சுவர் மழையில் கரையும்; திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். எத்தனை தலைமுறை அங்கே வாழ்ந்தது என்பதற்குச் சுவடே மிஞ்சாது. 1850 நிலச் சட்டம் அரசு நிலத்தை விலைக்கு மட்டுமே பெறலாம் என்றது. 1888இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையானவர்களுக்கு மனை தரப்படவில்லை. 1988 அரசியல் சாசனம்தான் கிலோம்போ (தப்பிய அடிமைகள் அமைத்த குடியிருப்பு) வழித்தோன்றல்களுக்கு, அவர்கள் குடியிருக்கும் நிலத்தின் மீது உரிமை கொடுத்தது.

இன்னொன்று: இத்தகைய சுவரின் வெடிப்புகளில்தான் ஷாகாஸ் நோயைப் பரப்பும் பார்பேய்ரு பூச்சி ஒளியும். அக்காள் தங்கை கதையாக மட்டும் படிப்பவர்கள் இந்தச் சுவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நில விவரம் இவ்வளவு துல்லியமாக இருப்பது தற்செயல் அல்ல. ஆசிரியர் நிலச் சீர்திருத்த நிறுவனமான இன்க்ராவில் வேலை பார்த்தவர்.