தலைகீழாய்த் தொங்கும் கிளிகள்

1978, பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர் மல்லாந்து படுத்திருக்கிறோம். முதுகுக்குக் கீழே கல் சில்லென்று இருக்கிறது. பரீட்சை அட்டை, பென்சில் எல்லாம் தலைமாட்டில். "பத்து நிமிஷம் யாரும் பென்சிலைத் தொடக் கூடாது. மேல பாருங்க, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு டிராயிங் மாஸ்டர் ஒரு யாளித் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

மேலே நடு விதானத்தில் ஒரு பெரிய கல் தாமரை. அதன் வெளியிதழ்களைக் கால்களால் பற்றிக்கொண்டு வட்டமாகக் கிளிகள், எல்லாம் தலைகீழாக. முதலில் அது வெறும் பூவேலைப்பாடாகத்தான் தெரிந்தது. கண் இருட்டுக்குப் பழகப் பழக ஒவ்வொரு கிளியாகப் பிரிந்து வந்தது. இது அலகு, இது இறக்கை மடிப்பு, இது வால். பத்தாவது நிமிடத்தில் அவை நிஜமாகவே தொங்குகிற மாதிரி இருந்தது. எங்கே முகத்தில் விழுந்துவிடுமோ என்று கண்ணை இடுக்கிக்கொண்டேன்.

கோயிலில் எப்படிப் படுத்தீர்கள் என்று, நம் சங்கத்தின் இந்த மலரைப் படிக்கும், வேலூரில் நமக்குப் பின்னால் படித்த தம்பிகள் கேட்கலாம். அப்போது அது சாமி இல்லாத கோயில். "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று வேலூரைப் பற்றி ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம். கருவறை பல தலைமுறைகளாகக் காலி. 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரரைப் பிரதிஷ்டை செய்தார்கள். அதற்கு முன்பு அங்கே வெளவால்களும், எப்போதாவது வரும் வெளிநாட்டுப் பயணிகளும், மாதம் ஒரு சனிக்கிழமை நாங்களும்தான்.

எங்கள் மாஸ்டர் அரசாங்க டிராயிங் பரீட்சையில் லோயர் கிரேடு, ஹையர் கிரேடு இரண்டும் பாஸ் செய்தவர். பள்ளியில் டிராயிங் வகுப்பு என்றால் வாரத்துக்கு ஒரு பீரியட். அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அதனால் தன் சனிக்கிழமையை எங்களுக்குக் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு பொருள், அதுதான் அவர் சட்டம். ஒரு முறை யாளி மட்டும். இன்னொரு முறை பின்கால்களில் எழும்பி நிற்கும் குதிரை. அதிலும் முன்கால் மட்டும். கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டு, இது 16ஆம் நூற்றாண்டு, விஜயநகரக் காலம், சின்ன பொம்மு நாயக்கர் என்று ஒப்பிக்கச் சொன்னதே இல்லை. வரைந்து முடித்த பிறகுதான் அந்தச் செய்திகளைச் சொல்வார். அப்போது சொன்னது இன்னும் மறக்கவில்லை.

கிளியை நான் வரைந்ததும் வாங்கிப் பார்த்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாடா, எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்குது? இந்தக் கிளியோட பாரம் எங்க இருக்குது?" நான் வயிற்றைக் காட்டினேன். "தொங்குற பறவைக்குப் பாரம் நகத்துலடா. அங்க அழுத்து. மத்த இடத்துல பென்சில் சும்மா போய்ட்டு வரணும்." ஃபோர் பி பென்சிலை வாங்கி ஒரே ஒரு நகத்தை அவரே போட்டுக் காட்டினார். காகிதத்தில் இருந்த என் பொம்மைக் கிளி அந்த ஒரு கோட்டில் கல்லைப் பிடித்துக்கொண்டது.

அன்றைக்குத்தான் அந்தக் கப்பல் கதையையும் சொன்னார். ஊரில் பலருக்கும் தெரிந்த கதை. இந்த மண்டபத்தின் அழகைப் பார்த்து மயங்கிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள், கல் கல்லாகப் பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்தார்களாம். ஏற்றிப்போக வந்த கப்பல் கடலில் மூழ்கிப் போய்விட்டதாம். அதனால் மண்டபம் பிழைத்தது. "இல்லன்னா இத பாக்க நீங்க சீமைக்குத்தான் போவணும்" என்று மாஸ்டர் சொன்னார். பன்னிரண்டு பேரும் மேலே கிளிகளைப் பார்த்தோம்.

சீமைக்கு நான் வந்தேன். வேலை பர்மிங்ஹாமில். வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழைக்கு ஒதுங்கத்தான் நகர அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அங்கே நின்றுகொண்டிருந்தார் சுல்தான்கஞ்ச் புத்தர். செம்பில் வார்த்த திருமேனி, 2.3 மீட்டர் உயரம், எடை அரை டன்னுக்கு மேல். 1861 வாக்கில் பீகாரில், கங்கைக் கரையில் உள்ள சுல்தான்கஞ்சில் ரயில் பாதை வேலைக்காகத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டவர். இந்த ஊரின் முன்னாள் மேயரான சாமுவேல் தார்ன்டன் என்பவர் 200 பவுண்டு கொடுத்துக் கப்பலேற்றி வரவழைத்தார். அந்தக் கப்பல் கரை சேர்ந்துவிட்டது.

எனக்கு வேலூரைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. நகரம் தெரியாது, மொழி இன்னும் காதில் ஏறவில்லை, ஆனால் ஒரு சிலையின் முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பத்து நிமிடம் சும்மா பார்த்தேன். பாரம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அரை டன் செம்பு, ஆனால் உடம்பில் எங்கேயும் பாரம் இல்லை. நனைந்த மல்லுத் துணி மாதிரி சீவரம், அதாவது துறவியின் ஆடை, மேலோடு ஒட்டிக்கிடக்கிறது. உயர்த்திய வலது உள்ளங்கை, போய் வா என்கிற மாதிரி அவ்வளவு இலகுவாக இருக்கிறது. வெகு நேரம் நின்றேன் போலிருக்கிறது. காவலுக்கு இருந்த பெரியவர் ஒரு மடக்கு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் அது.

அன்று தொடங்கிய பழக்கம்தான். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே உள்ள சின்னக் கலைக்கூடத்தைத் தேடிப் போவேன். லண்டனில் உள்ள பெரிய காட்சிக்கூடங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். சின்ன இடங்களில்தான் ஒரு பொருளோடு தனியாக இருக்க முடிகிறது. மலர்க் குழுவினர் உங்களுக்குப் பிடித்த கலைக்கூடங்களைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டார்கள். நான் ஊரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வருடா வருடம் ஊருக்குப் போகும் நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் சி.எம்.சி.யில் ஒரு செக்கப், லாங் பஜாரில் கொஞ்சம் சாமான், பொற்கோயில் தரிசனம், ஆற்காட்டு மக்கன்பேடா ஒரு கிலோ என்று முடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறோம். கோட்டைக்கு ஒரு முழுக் காலையைக் கொடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

கோட்டைக்குள்ளேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நாம் படித்த காலத்தில் இல்லை. 1985இல் வேறிடத்தில் தொடங்கி 1999இல் கோட்டைக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அதைப் பார்த்துக்கொண்டு போங்கள். கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கர் பயன்படுத்தியதாகச் சொல்லும் தந்தச் சதுரங்கப் பலகை அங்கே இருக்கிறது. 1815இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, மறு வருடம் வேலூர்க் கோட்டைக்கு வந்து, 1832இல் இங்கேயே இறந்தவர் அவர். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவருடைய சமாதிதான். நம் சங்கத்தில் இலங்கை நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பலகையையும் மண்டபத்தையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. நாட்டை இழந்த ஒரு மனிதர், கோட்டைச் சுவருக்குள் பதினாறு வருடம், கட்டம் கட்டமாகக் காய் நகர்த்திக்கொண்டிருந்தார் என்று நினைத்தபடி நான் அந்தப் பலகை முன்னால் நின்றேன்.

ஆனால் நான் அங்கே போவது நடுகற்களுக்காக. நம் பழைய வட ஆற்காடு நடுகல் பூமி. செங்கம் பக்கம் வயலோரமெல்லாம் நிற்கும். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த வீரனைக் கல்லில் செதுக்கி, அவன் பெயரையும் ஊரையும் வெட்டி நிறுத்தினார்கள். ஒரு கையில் வில், ஒரு கையில் குறுவாள், பக்கவாட்டில் திரும்பிய கால்கள். சிற்பி பெரிய சிற்பியாக இருக்க மாட்டார். நம் ஊர்க் கல்தச்சராக இருப்பார். ஆனால் கால் ஊன்றிய இடத்தில் பாரம் இருக்கும். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது திருடர்கள் இரண்டு பேரைக் கடித்தது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1400 வருடத்துக்கு முன்னால் செங்கம் பக்கத்தில் ஒரு நாய் செய்த காரியம், அதன் பெயரோடு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஓவியம் பார்க்க விரும்புகிறவர்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். ஆம்பூர், குடியாத்தம் பக்கம் மலையம்பட்டு என்ற ஊரில் ஆர்மாமலை இருக்கிறது. மேலே பெரிய இயற்கைக் குகை. உள்ளே சமணர்கள் செங்கல் சுவர் எழுப்பி அறைகளாக்கியிருக்கிறார்கள். விதானத்தில் 8ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். சித்தன்னவாசலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், அதே பாணியில் நம் ஊரிலேயே இருப்பது தெரியாமல் போய்விட்டது. பெரும்பகுதி அழிந்துவிட்டது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் என் பழைய வகுப்புத் தோழனோடு அவன் பைக்கில் போனேன். ஏறி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. கண்ணுக்கு முதலில் வெறும் வண்ணத் திட்டுகள்தான் தெரிந்தன. இரண்டு பேரும் பேசாமல் பாறைமேல் படுத்துக்கொண்டோம். யாரும் சொல்லவில்லை, பழக்கம். எட்டுத் திசைகளையும் காக்கும் திக்பாலகர்களை அங்கே எழுதியிருக்கிறார்கள் என்பது படித்துத் தெரிந்தது. ஆனால் பத்து நிமிடம் கழித்து ஒரு வளைவு தெரிந்ததே, ஏதோ ஒரு இடுப்போ தோளோ, அதை எழுதியவரின் கை ஒரே இழுப்பில் போயிருக்கிறது. "டேய், பாத்தியா?" என்றான் தோழன். பார்த்தேன்.

போளூர் பக்கம் திருமலைக்கும் போகலாம். அங்கே மலைப்பாறையில் வெட்டிய சமணத் தீர்த்தங்கரர் நேமிநாதர் ஓங்கி நிற்கிறார், குந்தவை ஜினாலயம் என்ற சமணக் கோயில் இருக்கிறது, குகைக்குள் ஓவியங்களும் உண்டு. அங்கே போக நல்ல பாதை, வயதானவர்களையும் அழைத்துப் போகலாம்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இரண்டு இடம் சொல்கிறேன். பர்மிங்ஹாம் புத்தரைச் சொல்லிவிட்டேன். சில வருடங்களாக அந்தக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை நடந்து வருவதால், எந்த அரங்கு திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போங்கள். இன்னொன்று, வேல்ஸில் வெல்ஷ்பூல் ஊரில் உள்ள பொவிஸ் கோட்டை. பர்மிங்ஹாமிலிருந்து ரயிலிலேயே போகலாம். 1751இல் ஆற்காட்டைப் பிடித்த அதே கிளைவ், அவர் மகன், இவர்கள் வீட்டுச் சேகரிப்பு அங்கே இருக்கிறது. திப்பு சுல்தானின் கூடாரத்தையே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்: பருத்தித் துணி, அதில் பூச்சாடிகளும் பூக்களுமாக அச்சு வேலை. திப்புவின் சிம்மாசனத்திலிருந்து பெயர்த்த தங்கப் புலித்தலை ஒன்றும் இருக்கிறது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு இந்தக் கூடாரம் வேல்ஸுக்கு வந்தது; திப்புவின் பிள்ளைகள் நம் வேலூர்க் கோட்டைக்கு வந்தார்கள். 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு அவர்களையும் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். நாம் திப்பு மஹால், ஹைதர் மஹால் என்று மதிலுக்கு வெளியே நின்று பார்த்த கட்டடங்கள் நினைவிருக்கும். அந்தக் குடும்பத்துப் பொருள்களை நான் வேல்ஸில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். துணி நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனாலும் வயிற்றில் ஒரு பிசைவு இருந்தது. ஒரு பொருள் அதன் ஊரில் இருப்பதற்கும் இன்னொரு ஊரில் பத்திரமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் எனக்கு உறைத்தது.

போன தை மாதம் என் மகளோடு வேலூர் போயிருந்தேன். பதிமூன்று வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கோட்டைக் கோயிலில் இப்போது நல்ல கூட்டம். பிரதோஷ நாள் வேறு. உள்ளே நுழைந்ததும் இடது கைப் பக்கம் மண்டபம், அதே யாளிகள், அதே குதிரைகள். படுக்கவெல்லாம் முடியாது, படுக்கவும் கூடாது, சாமி வந்துவிட்டாரே. அதில் எனக்கு மகிழ்ச்சிதான், விளக்கு எரிகிற கோயிலைத்தானே அந்தச் சிற்பிகளும் நினைத்திருப்பார்கள். தலையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்றாள் மகள். அப்புறம் ஃபோனை உள்ளங்கையில் மல்லாக்க வைத்து, அதன் திரையில் விதானத்தைப் பார்த்தாள். எங்களுக்கு இந்த யோசனையெல்லாம் தோன்றியிருக்காது, ஃபோனும் இல்லை. கிளிகளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்பா, இதுங்க விழாம எப்படிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு?"

மாஸ்டர் காலமாகி வெகு நாளாகிறது. அவர் சொன்னதை அப்படியே சொன்னேன், அவர் பேசுகிற மாதிரியே. தூணோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரைந்தாள். பிரசாதம் கொண்டுவந்த அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "கிளி நல்லா இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு அவளுக்கு இரண்டு தொன்னை பொங்கல் கொடுத்தார்.

அந்தப் படம் இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. இதை எழுத உட்காரும் முன் எடுத்துப் பார்த்தேன். இறக்கையெல்லாம் பென்சில் பட்டும் படாமலும் போயிருக்கிறது. காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினேன். நகங்கள் இருக்கிற இடத்தில் மட்டும் மேடு தட்டுகிறது.