கழற்றாத தண்டுகள்

அம்மாவின் நேர்த்தி 2009இல் வைத்தது. பதுங்கு குழிக்குள் இருந்து, நாங்கள் நாலு பேரும் உயிரோடு தப்பினால் மடு மாதா கோயிலில் ஒன்பது நாளும் கூடாரத்தில் தங்கி நவநாள் பார்க்கிறேன் என்று மாதாவிடம் சொன்னாராம். தப்பினோம். பிறகு வீடு, படிப்பு, அப்பாவின் வருத்தம் என்று வருடங்கள் ஓடிவிட்டன. இந்த ஆவணித் திருவிழாவுக்குத்தான் முடிந்தது.

மடுறோட் சந்தியில் ஒரு வான்காரர் மூன்று மடங்கு காசு கேட்டார். நேர்த்திக்கு வந்த சனத்திடம் இப்படிப் பிடுங்கலாமா? உள்ளே வந்தால் மரநிழலுக்கு அடிபாடு, தண்ணீர் பவுசருக்கு வரிசை, ஒரே புழுதி. சரி, ஒரு பாலை மரத்தடி கிடைத்தது.

தறப்பாளை விரித்ததும் அம்மா கட்டளை போடத் தொடங்கினார். வாசல் கோயிலைப் பார்க்க வேண்டும், முடிச்சு அவிழ்க்கிற மாதிரி இருக்க வேண்டும், கயிற்றை வெட்டக் கூடாது. எனக்கு விவிலியத்தின் விடுதலைப் பயண நூல் ஞாபகம் வந்தது, கடவுள் தனக்கு ஒரு கூடாரம் செய்யச் சொல்லிக் கணக்குக் கொடுக்கிற இடம். மறைக்கல்வி வகுப்பில் 25ஆம், 26ஆம் அதிகாரங்கள் வந்தால் நான் தாண்டிப் போய்விடுவேன். உடன்படிக்கைப் பேழை இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம். கூடாரத்துக்கு ஆட்டு முடித் திரைகள் 11, ஒவ்வொன்றும் 30 முழ நீளம். "ரீச்சர், கடவுளுக்கு ஏன் இவ்வளவு கணக்கு?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

அன்றிரவு டோர்ச் வெளிச்சத்தில் அம்மாவுக்கு அதையே வாசித்தேன். பார்வோனுக்குக் கணக்குப்படி செங்கல் அறுத்த சனம். அவர்களிடம் கடவுள் கேட்டது ஒரு கூடாரம். அவர்கள் இருந்ததும் கூடாரத்தில்தானே. பேழையைத் தூக்கும் தண்டுகளை வளையங்களிலிருந்து கழற்றவே கூடாது என்ற இடம் வந்தது.

"திருப்பி வாசி பிள்ளை" என்றார். வாசித்தேன்.

"ஓம், வெளிக்கிடு எண்டால் உடனே தூக்க வேணுமெல்லே."

அம்மாவின் கட்டிலடியில் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் போட்ட பை இன்றைக்கும் கட்டியபடியே கிடக்கிறது. நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவர் அதை அவிழ்த்ததில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. போகிற இடமெல்லாம் கூடவே வரப் போகிறவர்தான் தண்டு வரைக்கும் யோசித்துச் சொல்லுவார்.

திருநாளன்று நெரிசலில் மூச்சு முட்டியது. எப்படியோ சொரூபத்துக்கு முன்னால் வந்துவிட்டோம். எவ்வளவு சின்னச் சொரூபம்! 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையிலிருந்து சனம் இந்தக் காட்டுக்குத் தூக்கி வந்த தாய். 2008 ஏப்ரலில், சண்டை நெருங்க, தேவன்பிட்டிக்குப் போய் ஆவணியில் திரும்பி வந்தவர். எங்களைப் போலவே இடம்பெயர்ந்தவர். "நடவுங்கோ, நடவுங்கோ" என்று பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். அம்மா அசையவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. "நாலு பேரும் வந்திட்டம் அம்மா" என்று மட்டும் சொன்னார். நான் அழுதேன், தம்பியும் அழுதான். அப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். தாயே, எங்களை விட்டு ஒரு நாளும் நீ போகவில்லை. நன்றி அம்மா, நன்றி.

அடுத்த நாள் காலை அம்மா கொஞ்சம் மடு மண்ணைச் சீலைத் துண்டில் முடிந்துகொண்டார். பிறகு தறப்பாளின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தானே அவிழ்த்து, கயிற்றைச் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"வாற வருசத்துக்கும் வேணும்."